சுரங்கத்துக்குள் நிற்கும் ரயில்

அமெரிக்காவில் மாதிரி ரயில் ஓட்டுகிறவர்கள் வீட்டில் முதல் பலகை பெரும்பாலும் நாலடிக்கு எட்டடியாகவே இருக்கும். கடையில் பிளைவுட் அந்த அளவில் விற்கிறது, அவ்வளவுதான் காரணம். மலை, ஓடை, ஊர், ஸ்டேஷன், சுற்றிவரும் தண்டவாளம் எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். ஒஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகரத்தை ஒட்டிய எங்கள் வீட்டு பேஸ்மென்டிலும் அப்படி ஒரு பலகை இருக்கிறது. நடுவில் அறுத்து, இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இணைக்கும்படி வைத்திருக்கிறோம். ஆண்டின் பெரும்பகுதி துணி போர்த்திக் கிடக்கும். செப்டம்பர் பாதியில் துணியை எடுப்போம். அக்டோபர் முழுக்க அதன் மேல் ஓர் ஊர் நடமாடும். அந்த ஊரில் எந்நேரமும் இரவு. எந்நேரமும் இலையுதிர்காலம்.

மகனுக்கு ஆறு வயதானபோது தொடங்கியது இது. அவன் இப்போது கல்லூரிக்குப் போய்விட்டான். மகள் பொறுப்பெடுத்துக்கொண்டாள். எங்களை இதற்குள் இழுத்தவர் பக்கத்து வீட்டுப் பெரியவர். ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் அவரை 'ட்ரெயின் தாத்தா' என்றார்கள். அவருக்கும் அது பிடித்துப்போய், எங்களுக்கு போன் செய்தால் "தாத்தா பேசறேன்" என்று தமிழிலேயே ஆரம்பிப்பார். அதற்கு மேல் தமிழ் தெரியாது.

அவர் வீட்டில் முதலில் நாங்கள் பார்த்தது கிறிஸ்துமஸ் ரயிலைத்தான். மரத்தடியில் ரயில் ஓடவிடுவது இங்கே பழைய வழக்கம். பென்சில்வேனியாவில் 1741இல் பெத்லகேம் என்ற ஊரை நிறுவிய மொரேவியக் கிறிஸ்தவர்கள், இயேசு பிறந்த குடிலைச் சுற்றிப் பாசியும் கல்லும் மரத்துண்டுகளும் வைத்து ஒரு சின்ன நிலப்பரப்பையே அமைப்பார்கள். புட்ஸ் என்று அதற்குப் பெயர். கொலுப்படிக்குக் கீழே மணல் பரப்பி, கடுகு முளைக்கவிட்டு, கண்ணாடித்துண்டில் குளம் வைப்போமே, ஏறக்குறைய அதே வேலை. 1900இல் நியூயார்க்கில் தொடங்கிய லயனல் போன்ற நிறுவனங்களின் மின்சார ரயில்கள் வீடுகளுக்கு வந்தபோது அந்த நிலப்பரப்பைச் சுற்றித் தண்டவாளமும் வந்தது. 1976இல் டிபார்ட்மென்ட் 56 என்ற நிறுவனம் உள்ளே பல்பு எரியும் பீங்கான் வீடுகளை, பனி பெய்த ஊர் என்று விற்கத் தொடங்கியது. 1990களின் இறுதியில் அதே வரிசையில் ஹாலோவீன் வீடுகள் வந்தன. கோணல் கூரை, உடைந்த ஜன்னல், மாடத்தில் வௌவால். பனி ஊர் இருண்ட ஊராக மாறியது இப்படித்தான்.

அந்த வீடுகளுக்குப் பக்கத்தில் ஓடப் பொருத்தமான ரயிலை 1998இல் பாக்மன் நிறுவனம் கொண்டுவந்தது. ஆன்30 என்பார்கள். இன்ஜினும் பெட்டிகளும் 1:48 அளவு. தண்டவாளம் மட்டும் 16.5 மில்லிமீட்டர் அகலம், அதாவது மிகப் பலரிடம் ஏற்கெனவே இருக்கும், ஹெச்ஓ என்ற இன்னும் சிறிய அளவின் தண்டவாளமே. நிஜத்தில் அது 30 அங்குலக் குறும்பாதைக்குச் சமம். பெரிய உடம்பு, ஒடுங்கிய பாதை. அதனால் இறுக்கமான வளைவிலும் திரும்பும், மேஜையில் அடங்கும், குழந்தையின் விரலுக்கும் முதியவரின் விரலுக்கும் பிடிபடும். இந்த ஒரு காரணத்துக்காகவே ஹாலோவீன் ஊர் கட்ட விரும்பும் எவருக்கும் நான் ஆன்30தான் சொல்வேன்.

மாதிரி ரயில் உலகத்தில் இதை ஏற்காதவர்கள் உண்டு. ஒவ்வொரு ரிவெட்டும் அசலில் இருந்த இடத்திலேயே இருக்கவேண்டும் என்பவர்கள் அவர்கள். பேயும் எலும்புக்கூடும் வைத்த லேஅவுட்டைப் பொம்மை என்று ஒதுக்கிவிடுவார்கள். பெரியவர் அவர்களுக்கு ஜான் ஆலன் பெயரைச் சொல்லிப் பதில் கொடுப்பார். கலிபோர்னியாவின் மான்டரேயில் ஆலன் கட்டிய மலை ரயில்பாதை இந்தக் கலையிலேயே பெரிய சாதனைகளில் ஒன்று. தரையிலிருந்து கூரைவரை எழும் பள்ளத்தாக்குகள், கரிபடிந்த பழைய கட்டடங்கள். அதில் பெட்டிகளை ஷன்டிங் செய்ய ஒரு டைனோசர் இருந்தது. பெயர் எம்மா. 1973 ஜனவரியில் ஆலன் இறந்தார். சில நாள்களிலேயே அந்த லேஅவுட் தீயில் அழிந்தது. இன்றும் அதன் புகைப்படங்களைப் பார்த்துத்தான் பலர் கரி பூசக் கற்கிறார்கள். நுணுக்கத்தில் ஒரு மயிரிழை விட்டுக்கொடுக்காத அந்த மனிதர் டைனோசரையும் சேர்த்துக்கொண்டார். அதனால் எங்கள் ஊரில் பேய் இருப்பதில் எனக்குத் தயக்கம் இருந்ததே இல்லை. எந்தப் பேய் என்பதுதான் கேள்வி.

முதல் ஆண்டு கடையில் கிடைத்ததையெல்லாம் மகன் ஆசையாக வாங்கினான். சூனியக்காரி, சவப்பெட்டி, பச்சை முகத்து அரக்கன். ஆரஞ்சு, ஊதா, பச்சை என்று மூன்றே நிறங்கள். ரயில் அவற்றின் நடுவே சுற்றி வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பேய்களுக்கும் ரயிலுக்கும் ஒரு பேச்சும் இல்லை. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, ரயில்வேக்குச் சொந்தப் பேய்கள் நிறைய இருக்கும்போது வெளியிலிருந்து எதற்கு என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை எங்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு தென்கிழக்கே புறப்பட்டார்.

மூன்வில் என்ற ஊர் இப்போது இல்லை. வின்டன் கவுன்டியின் காட்டுக்குள் ஒரு சுரங்கப்பாதையும் மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டமும் மட்டும் மிச்சம். 1850களில் மரியேட்டா-சின்சினாட்டி ரயில்பாதை அந்த வழியாக வந்தது. நிலக்கரிக்காக ஒரு சிற்றூர் முளைத்தது. கரி தீர்ந்ததும் மக்கள் போனார்கள். 1980களின் பிற்பகுதியில் தண்டவாளத்தையும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள். இன்று அது நடைபாதை, யாரும் போகலாம். செங்கல் வளைவின் நெற்றியில் ஊரின் பெயர் பெரிய எழுத்துகளில் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஊர் போனபின் பெயர் மட்டும் வாசலில் நிற்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உள்ளே ஏறத்தாழ 300 அடி தூரம். நட்டநடுவில் நின்றால் இரண்டு முனையிலும் பசுமை தெரியும், ஆனால் காலடியில் ஈரமும் இருட்டும்தான். செங்கல்லில் நீர் கசிந்து வெள்ளைத் தாரைகளாக உறைந்திருந்தது. மகன் என் கையை விடவே இல்லை.

அங்கேதான் பெரியவர் கதையைச் சொன்னார். கையில் லாந்தருடன் ஒரு பிரேக்மேன் அந்தச் சுரங்கத்தருகே ரயிலில் அடிபட்டு இறந்தான். பிறகு இரவுகளில் அந்த லாந்தர் மட்டும் ஆடிக்கொண்டு வருவதை டிரைவர்கள் பார்த்தார்கள். ஆள் தெரியாது, விளக்கு மட்டும். இதே கதை வட கரோலினாவில் மேகோ என்ற இடத்திலும் உண்டு. அங்கே ஜோ பால்ட்வின் என்ற தலையிழந்த பிரேக்மேன் விளக்குடன் தலையைத் தேடுவதாகச் சொல்வார்கள். அமெரிக்க ரயில்வே கதைகளில் திரும்பத் திரும்ப ஏன் பிரேக்மேனே பேயாகிறான் என்று அவரிடம் கேட்டேன். அன்று அவர் சொன்ன பதில்தான் எங்கள் லேஅவுட்டை மாற்றியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கூட்ஸ் ரயிலை நிறுத்தியது டிரைவர் அல்ல. டிரைவர் விசில் கொடுப்பார். பிரேக்மேன்கள் ஓடும் பெட்டிகளின் கூரைமேல் ஒவ்வொன்றாகத் தாவிப்போய், கைச்சக்கரத்தைத் திருகி பிரேக் போடவேண்டும். மழையிலும், பனி உறைந்த மரப்பலகையிலும், இரவிலும். பெட்டிகளை இணைப்பது அதைவிட மோசம். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே நின்று, அவை மோதும் நொடியில் இரும்பு வளையத்தைக் கையால் வழிநடத்தி முளையைச் செருகவேண்டும். விரல் இல்லாதவன்தான் அனுபவசாலி என்று முதலாளிகள் ஆளெடுத்ததாகவே பேச்சு உண்டு. வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1869இல் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 1873இல் ஜேனி என்பவர், தானே கவ்விக்கொள்ளும் கப்ளருக்குப் பெற்றார். ஆனாலும் எல்லா ரயில்களிலும் அவற்றைப் பொருத்தவேண்டும் என்று சட்டம் வந்தது 1893இல்தான். முழுதாக நடைமுறைக்கு வந்தது 1900இல். கருவிகள் கைக்கு வந்தபிறகும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் மனிதர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். சுரங்கத்து வாசலில் ஆடும் லாந்தர் அந்தக் கணக்கிலிருந்து வந்தது. இப்படி ஒரு காரணம் உள்ள பேயை நான் மதிக்கிறேன்.

எனக்கு அந்த விளக்கு புதிதல்ல. அப்பா விழுப்புரத்தில் கூட்ஸ் கார்டாக இருந்தவர். லைன் பாக்ஸ் என்ற பணிப்பெட்டியில் அவருடைய கைவிளக்கு இருக்கும். மேலே திருகினால் சிவப்பு, பச்சை, வெள்ளை என்று கண்ணாடி மாறும். எங்களைத் தொடவிடமாட்டார். பிரேக் வேனில் தனியாக, இரவு முழுக்க, முன்னால் போகும் ரயிலைப் பார்த்துக்கொண்டே போகும் வேலை அது. சிவப்பைக் குறுக்கே ஆட்டினால் நில் என்று அர்த்தம் என்று சுரங்கத்துக்கு வெளியே மகனிடம் சொன்னேன். பெரியவர் கையை உயர்த்தி, தண்டவாளத்துக்குக் குறுக்கே இடம் வலமாக ஆட்டிக் காட்டினார். இங்கும் அதேதான். "அப்ப அந்தப் பேய் பயமுறுத்தலையாம்மா? ரயிலை நிக்கச் சொல்லுதா?" என்றான் மகன். திரும்பும் வழியெல்லாம் நானும் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

அந்த அக்டோபரில் பச்சை முகத்து அரக்கன் பெட்டிக்குப் போனான். மூன்வில்லைக் கட்டத் தொடங்கினோம். மூன்வில்லில் ஓடியது 4 அடி எட்டரை அங்குல வழக்கமான பாதை, எங்களுடையது குறும்பாதை. அந்த வித்தியாசத்தை ஒரு பொருட்டாக நினைக்கவேண்டாம் என்று முடிவு செய்தோம். ஆனால் சுரங்கத்தின் நீளம் அப்படியல்ல. 300 அடியை 48ஆல் வகுத்தால் ஆறேகால் அடி. பலகையில் அது பாதி ஊரை விழுங்கிவிடும். வளைத்து மூன்றடியாகச் சுருக்கினோம். ஒரு இன்ஜினும் மூன்று பெட்டிகளும் முழுதாக உள்ளே மறையவேண்டும், அதுதான் கணக்கு.

மலைக்கு இரண்டங்குலத் தடிமனுள்ள இளஞ்சிவப்பு ஃபோம் பலகை. வீட்டுச் சுவருக்குள் குளிர்காப்புக்கு வைப்பது, தெர்மோகோலைவிட நெருக்கமானது. அடுக்கி ஒட்டி, கத்தியால் செதுக்கினால் பாறை தானே வெளிவரும். செங்கல்லை ஒவ்வொன்றாக மொட்டைப் பென்சிலால் அழுத்தி வரைந்தோம். ஈரம் கசிந்த வெள்ளைத் தாரைக்கு நீர்த்த வெள்ளை அக்ரிலிக் பெயின்ட்டை மேலிருந்து ஒழுகவிட்டோம். கல்லறைக் கற்களுக்கும் அதே ஃபோம்தான். ஸ்ப்ரே பெயின்ட் ஃபோமைத் தின்றுவிடும் என்று எல்லாரும் எச்சரிப்பார்கள். நாங்கள் அதையே வேண்டிச் செய்தோம். தூரத்திலிருந்து லேசாக அடித்தால் மேற்பரப்பு குழிகுழியாக அரித்து, நூறாண்டு மழை தின்ற கல் கிடைக்கும். வெளியே காற்றோட்டத்தில் மட்டும் செய்யவேண்டிய வேலை.

மரங்களுக்கு இலை வேண்டாம் என்பதே ஹாலோவீன் லேஅவுட்டின் பெரிய சலுகை. பழைய மின்கம்பியின் உறையை உரித்து, உள்ளே இருக்கும் செப்பு இழைகளை முறுக்கி, கிளைகிளையாகப் பிரித்தால் மொட்டை மரம். கருப்பு பூசாதீர்கள். அக்டோபர் மரம் கருப்பல்ல, சாம்பலும் பழுப்பும் கலந்தது. உதிர்ந்த இலைக்கு, உண்மையான இலையே. தோட்டத்து மேப்பிள் சருகை நன்றாகக் காயவைத்து, பழைய மிக்சியில் அரைத்து, டீ வடிகட்டியில் சலிப்போம். கொரகொரப்பு மரத்தடிக்கு, தூள் பாதையோரத்துக்கு. முதலில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தெளித்துவிட்டு, பிறகு தண்ணீரில் சரிபாதி கரைத்த வெள்ளைப் பசையைச் சொட்டவேண்டும். ஆல்கஹால் இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்துமுத்தாக மேலே உருளும்.

பூசணிக்காயைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். கொலம்பஸுக்குத் தெற்கே சர்க்கிள்வில் என்ற ஊரில் 1903இல் தொடங்கிய பூசணித் திருவிழா அக்டோபரில் நடக்கிறது. ஆளுயரக் குவியல்களும், கிரேன் வைத்துத் தூக்கும் ராட்சதக் காய்களுமாகத் தெருவே ஆரஞ்சாகிவிடும். அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்துதான் விளக்கு வைத்தார்கள். அங்கிருந்து குடியேறியவர்கள் இங்கே பூசணியைக் கண்டதும் அதற்கு மாறிவிட்டார்கள். அந்தத் திருவிழாவைப் பார்த்துவிட்டு வந்த மகனுக்கு எங்கள் ஊரிலும் பூசணி குவிந்துகிடக்கவேண்டும் என்று ஆசை. களிமண்ணில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ரசப்பொடிக்கு எடுத்துவைத்திருந்த தனியா என் கண்ணில் பட்டது. உருண்டை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் பள்ளம். நுனியில் காம்பு. ஒரு தனியா விதை நாலு மில்லிமீட்டர் என்றால் 1:48இல் ஏறத்தாழ 19 சென்டிமீட்டர்ப் பூசணி. சின்ன ஜாதிப் பூசணிக்கு அச்சு அசல் அளவு. ஹெச்ஓ ஓட்டுகிறவர்களுக்கு அதே விதை 35 சென்டிமீட்டர், குடைந்து விளக்கு வைக்கும் பூசணியே. இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டி ஆரஞ்சு பூசி, காய்வதற்குள் துடைத்தால் பள்ளத்தில் நிழல் தங்கிவிடும். ஒரு பிடி தனியாவில் ஒரு வண்டி நிறையப் பூசணி. பெரியவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, மீதி விதைகளை ஒரு டப்பாவில் போட்டுத் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

இதெல்லாம் பகலில் செய்கிற வேலை. ஹாலோவீன் லேஅவுட்டின் உயிர் விளக்கை அணைத்தபிறகுதான் தொடங்குகிறது. எதை வெளிச்சத்தில் காட்டுவது என்பதைவிட எதை இருட்டில் விடுவது என்பதற்கே எங்கள் மாலைகள் போயின. மேலே ஷெல்ஃபின் அடியில் ஒரு நீல எல்இடி பட்டையை மிக மங்கலாக எரியவிட்டால் நிலவொளி வந்துவிடும். அதன்கீழ் மஞ்சள் ஜன்னல்கள் நாலைந்துதான் இருக்கவேண்டும். பன்னிரண்டு வோல்ட் சப்ளையில் ஒரு எல்இடிக்கு ஒரு கிலோஓம் ரெசிஸ்டர் போட்டால் மின்விளக்கு. பத்து கிலோஓம் போட்டால் மண்ணெண்ணெய் விளக்கு. மூன்வில்லில் பத்துக்கு மேல்தான். டாலர் கடையில் கிடைக்கும் பேட்டரி மெழுகுவத்திகளை உடைத்தால் உள்ளே இருக்கும் எல்இடி தானே மினுக்கும், அந்தச் சில்லு அதற்குள்ளேயே இருக்கிறது. பூசணிக்குள் வைக்க அதைவிட நல்லது இல்லை.

மூடுபனிக்குப் புகைக்கருவி வாங்காதீர்கள் என்பேன். அதன் புகை தண்டவாளத்தில் படிந்து மின்தொடர்பைக் கெடுக்கும். உலர்பனியின் கரியமிலவாயு பேஸ்மென்டின் தரையில் தேங்கும், குழந்தைகள் நிற்கும் உயரத்தில் அது ஆபத்து. தலையணைப் பஞ்சை நூலாம்படை அளவுக்கு மெலிதாகப் பிரித்து ஓடைமேல் விரித்தால் போதும். நீல வெளிச்சம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

லேஅவுட்டில் ஒரே ஒரு வீட்டில் ஆவி உண்டு. ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டு ஜன்னல் வழியே பார்த்தால் காலி நாற்காலி தெரியும். சற்றுப் பொறுத்தால் அதில் ஒருவர் மெல்ல வந்து உட்கார்வார், பின்னாலிருக்கும் சுவர் அவர் உடம்பினூடே தெரியும். 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் மேடையில் காட்டிப் புகழ்பெற்ற உத்தி அது. பார்வையாளருக்கும் காட்சிக்கும் நடுவே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, மறைவிடத்தில் நிற்கும் உருவத்தின் மேல் ஒளியைப் பாய்ச்சினால் அதன் பிம்பம் காட்சிக்குள் வந்து நிற்கும். டிஸ்னிலாந்தில் 1969இல் திறந்த பேய் மாளிகையில் ஆவிகள் நடனமாடுவதும் இதே வழியில்தான். எங்களுக்குத் தேவைப்பட்டது 45 பாகையில் சாய்த்த ஒரு பிளாஸ்டிக் தாள், கருப்புப் பெட்டிக்குள் ஒரு வெள்ளை உருவம், மெல்லக் கூடிக் குறையும் ஒரு எல்இடி. இருட்டு மட்டும் முழுதாக இருக்கவேண்டும். பெட்டியில் ஊசிமுனை வெளிச்சம் கசிந்தாலும் தாள் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

பிரேக்மேனின் விளக்கு வேறு விதம். அவன் உருவத்தை நாங்கள் வைக்கவே இல்லை. அரிசியைவிடச் சின்னதான, ஒரு மில்லிமீட்டர் நீள எல்இடி ஒன்றைத் தலைமுடி போன்ற செப்புக்கம்பியில் கட்டி, சின்ன சர்வோ மோட்டாரின் கையில் மாட்டி, சுரங்கத்தின் வாசல் ஓரம் மறைத்தோம். சுவிட்சைப் போட்டால் தண்டவாளத்துக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் புள்ளி இடம் வலமாக ஆடும். அவ்வளவே.

ரயிலை நிறுத்தவும் எளிய வழி இருக்கிறது. சுரங்கத்துக்குள் ஒரு பக்கத் தண்டவாளத்தை இரண்டு இடத்தில் அறுத்து, உலோக இணைப்புக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் இணைப்பு போடவேண்டும். நடுவிலுள்ள துண்டுக்கு மின்சாரம் ஒரு தனி சுவிட்ச் வழியாகத்தான் போகும். சுவிட்சை அணைத்தால் உள்ளே வந்த இன்ஜின் நின்றுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ரயில் போனது தெரியும், வரவேண்டிய நேரம் தெரியும், வராதது தெரியும்.

கொலம்பஸ் வட்டாரத்தில் குழந்தைகள் வேடமிட்டு மிட்டாய் கேட்டு வரும் மாலையை 'பெக்கர்ஸ் நைட்' என்கிறார்கள். முன்பெல்லாம் சில ஆண்டுகளில் அக்டோபர் 31க்கு முன்பே ஒரு நாளில் வைத்ததும் உண்டு. ஆறு மணியிலிருந்து எட்டுவரை. பலகையின் இரண்டு பாதியையும் கராஜுக்குத் தூக்கிவந்து போல்ட் போட்டு, கதவைப் பாதி இறக்கி, உள்ளே இருட்டாக்கிவிடுவோம். திறந்த கூட்ஸ் பெட்டியில் ஒரு சின்ன சாக்லேட் கட்டி ஏறும். ரயில் அதைச் சுமந்துகொண்டு சுற்றிவந்து குழந்தையின் முன்னால் நிற்கவேண்டும். அதற்கு முன் சுரங்கத்தைக் கடந்தாகவேண்டும்.

ரயில் உள்ளே போகும். சத்தம் அடங்கும். வாசலில் விளக்கு ஆடத் தொடங்கும். வரிசையில் தள்ளிக்கொண்டிருந்த டைனோசரும் இளவரசியும் எலும்புக்கூடும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொள்வார்கள். கடையில் வாங்கிய அரக்கன் அவர்களை ஒரு நாளும் இப்படி அடக்கியதில்லை. அரக்கனைப் பார்த்ததும் முடிந்துவிடுகிறது. காத்திருப்பு அப்படி முடிவதில்லை. ஒவ்வொரு குழந்தையும் அந்த இருட்டைத் தன் கற்பனையால் நிரப்பிக்கொள்கிறது. "மாட்டிக்கிச்சு!" என்று ஒரு குட்டி எலும்புக்கூடு ஆங்கிலத்தில் அலறியது. பின்னால் நின்ற ஒரு சிறுமி, "அந்த லைட்டை வச்சிருக்கிறவருக்கு வழி விடுது" என்று அவனைத் திருத்தினாள். அவளுக்கு யாரும் கதை சொல்லியிருக்கவில்லை. சுவிட்சின் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்ற எனக்குச் சிலிர்த்துவிட்டது. விளக்கு நின்றது, ரயிலை விட்டேன், சாக்லேட் வந்தது, கராஜ் முழுக்க ஒரே கூச்சல். அடுத்த குழந்தைக்கும் அதே இருட்டு, அதே மௌனம். மூன்றாவது முறை பார்க்கிறவன்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

பெரியவரிடம் இன்னொரு ரயில் இருந்தது. அவரே செய்தது. ஹெச்ஓ அளவில் ஒன்பது பெட்டிகள், எல்லாவற்றிலும் கருப்புத் துணித் தோரணம். 1865 ஏப்ரல் 21இல் வாஷிங்டனிலிருந்து லிங்கனின் உடலைச் சுமந்து புறப்பட்டு, மே 3இல் இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டை அடைந்த ரயில். முன்பே இறந்துபோன சிறுவன் வில்லியின் சவப்பெட்டியும் தந்தையுடன் அதே பெட்டியில் போனது. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றோரப் பாதையில் ஒவ்வோர் ஏப்ரலிலும் அந்த ரயில் ஆவியாக வரும், அது கடக்கும்போது கடிகாரங்கள் நிற்கும் என்று ரயில்வேக்காரர்களிடையே கதை உண்டு. மகன் அதை எங்கள் பலகையில் ஓட்டக் கேட்டான். அக்டோபரில் வேண்டாம் என்றார் அவர். அந்த ரயிலைப் பார்க்க மக்கள் இரவு முழுக்கத் தண்டவாளத்தோரம் தீப்பந்தத்துடன் நின்றார்கள், அது மிட்டாய்க்கு நடுவே ஓடக்கூடாது. நானும் அப்படியே நினைக்கிறேன். பயப்படுவதற்கு ஒரு மாதம் இருக்கலாம், துக்கத்துக்கு அதன் நாள் வேண்டும்.

பெரியவர் தன் மகளோடு இருக்க அரிசோனாவுக்குப் போனபோது அந்த ஒன்பது பெட்டிகளையும் எங்களிடம் விட்டுப்போனார். ஹெச்ஓவும் ஆன்30ம் ஒரே தண்டவாளம் என்பதால் மூன்வில் பலகையிலேயே அது ஓடும். லிங்கன் ரயில் கொலம்பஸுக்கு வந்தது ஏப்ரல் 29. ஆண்டுதோறும் அன்று துணியை விலக்கி, பூசணியும் கல்லறையும் எடுத்துவைத்துவிட்டு, எல்லா விளக்குகளையும் போட்டு அதை மெல்ல ஓட்டுகிறோம். அரிசோனாவிலிருந்து வீடியோ அழைப்பில் அவரும் பார்ப்பார். "தாத்தா பேசறேன்" என்றுதான் இப்போதும் ஆரம்பிக்கிறார்.

இந்த ஆண்டு மகள் புதிதாக ஒன்று கேட்கிறாள். அவள் ரயில்வே விதிப்புத்தகங்களைப் படித்துக்கொண்டிருக்கிறாள். விளக்கை ஆட்டி நில் என்றால் டிரைவர் சும்மா நிற்கக்கூடாதாம். இரண்டு குட்டை விசில் கொடுத்து, கண்டேன் என்று பதில் சொல்லவேண்டுமாம். "இத்தனை வருஷமா அவர் லைட்டை ஆட்டிக்கிட்டே இருக்காரும்மா, நம்ம இன்ஜின் பதிலே சொல்லலை" என்கிறாள். அவளே சர்க்யூட் போட்டுவிட்டாள். விளக்கின் சுவிட்சும் விசிலும் ஒன்றாக இணைந்தாயிற்று. சுரங்கத்துக்குள்ளிருந்து சத்தம் வரவேண்டும் என்பதால் ஸ்பீக்கரை மலைக்குள் வைத்தாகவேண்டும். 28 மில்லிமீட்டர் வட்டம், பின்னால் ஒரு சின்னப் பெட்டி. வருகிற சனிக்கிழமை மலையின் பின்பக்கத்தை அறுக்கப்போகிறோம். செங்கல் வரைந்த பக்கத்தில் கை வைக்கக்கூடாது என்று மகன் கல்லூரியிலிருந்து போனில் எச்சரித்திருக்கிறான்.